பண்டிதர் வத்த வெச்ச விளக்கு

ஒரு காலத்துல கொத்தளூர் சீமைய இடும்பவர்மன்னு ஒரு ராசா ஆண்டாரு. சபைக்கு மொதல்ல தொப்பை வரும்; கொஞ்ச நேரம் கழிச்சு அவரு வருவாரு.

வருசாவருசம் ராசா பொறந்தநாளுக்குத் துலாபாரம். எடைக்கு எடை வெண்ணெய் நிறுத்து ஏழைங்களுக்குக் குடுப்பாங்க. "எங்க ராசா இன்னும் பெருக்கணும்"னு ஜனங்க வேண்டாத சாமி இல்ல. ராசாவுக்கோ நாலு படி ஏறினா மூச்சு வாங்குது.

அரண்மனை வைத்தியரு வெண்காட்டுப் பண்டிதர் சொன்னாரு: "சோறு, இட்லி, வெல்லம் எல்லாத்தையும் தலைமுழுகுங்க மகாராசா. கறியும் நெய்யும் இஷ்டத்துக்குச் சாப்பிடுங்க. கொழுப்பு தானா உருகும்."

பத்தே நாள்ல ராசாவுக்கு வேட்டி நழுவுச்சு. பண்டிதருக்குப் பட்டுச் சால்வை கெடைச்சுது. ஆனா ராசாவுக்கு அந்த 'இஷ்டத்துக்கு'தான் ரொம்பப் புடிச்சுப்போச்சு. காலையில ஒரு செம்பு நெய், மத்தியானம் ரெண்டு.

துலாபாரத்தன்னிக்கு, போன வருசத்தவிட மூணு குடம் வெண்ணெய் கூட ஏறுச்சு! வெளியில ஜனங்க ஒரே குத்தாட்டம்.

"என்னய்யா இது?"னு ராசா உறுமினாரு.

பண்டிதருக்குச் சமையக்காரன் பிச்சாண்டிமேல ரொம்ப நாளா வயித்தெரிச்சல். ராசா அவன் கைப்பக்குவத்தத்தான ஓயாம புகழுவாரு! "இந்தப் பய கறிக்கொழம்புல அரிசிமாவு கரைச்சு ஊத்துறான்!"னு போட்டுக்குடுத்தாரு.

"இடறுங்கடா இவன யானைக் காலால!"னு ராசா கத்தினாரு.

பிச்சாண்டிய அடுப்படியிலருந்து சபைக்கு இழுத்துட்டு வந்தாங்க. கையில இருந்த கரண்டிய மட்டும் அவன் கீழ போடல. "ஒரே ஒரு ஆசை மகாராசா. சபையில எரியுதே நெய்விளக்கு, அத பண்டிதரய்யா நெய் வத்துற வரைக்கும் எரிச்சுக் காட்டட்டும். வத்திட்டா நானே யானைகிட்ட நடந்து போறேன்."

"ப்பூ, இவ்வளவுதானா?" பண்டிதர் அஞ்சு திரியையும் தூண்டினாரு. பிச்சாண்டி பக்கத்துல நின்னு, ராசாவோட நெய்ச்செம்புலருந்து ஒரு கரண்டி மொண்டு ஊத்தினான். பண்டிதர் இன்னும் பத்துத் திரி போட்டாரு. இவன் இன்னும் ரெண்டு கரண்டி. பண்டிதருக்கு மீசை பொசுங்குச்சு, வேர்வை ஒழுகுச்சு, விளக்கு மட்டும் தளும்பத் தளும்ப நின்னுச்சு.

"அடேய் மடையா! மேல நீ ஊத்திக்கிட்டே இருந்தா கீழ எப்படிடா வத்தும்?"

பிச்சாண்டி கும்பிட்டான். "சாமி, அதையே ராசா பக்கம் திரும்பிச் சொல்லுங்க."

ராசா கையில இருந்த ஆட்டுத்தொடை மெதுவா தட்டுக்கு எறங்குச்சு.

"அப்ப சோத்தக் கொறைச்சது தப்பாடா?"

"தப்பில்ல மகாராசா. அதுல பசி அடங்கும், உள்ள கெடக்குற கொழுப்பு எரியவும் செய்யும். ஆனா கரண்டியும் நிக்கணுமே!"

ராசா குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. தன் தங்க அரைஞாண அவுத்து பிச்சாண்டிக்குப் போட்டாரு. மூணு சுத்து சுத்தியும் மிச்சம் தொங்குச்சு. "பண்டிதரே, நான் எளைக்கிற வரைக்கும் என் பல்லக்க முன்பக்கம் நீர்தான் தூக்கணும்."

அன்னையிலருந்து ராசா நெய்ச்செம்புல கை வெச்சாப் போதும், வாசல்ல பல்லக்குப் பக்கத்துலருந்து ஒரு கொரல் அலறும்: "மகாராசா, வேணாம்!"