வெறுந்தட்டு திரும்பாத ஊர்

முன்னொரு காலத்திலே, கடலோரமாக முத்துத்துறை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த தட்டை யாரும் வெறுமனே திருப்பமாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது வைத்துத்தான் கொடுப்பார்கள்.

அந்த ஊரிலே எமரன்சி என்று ஒருத்தி. யாருக்கும் பயப்படமாட்டாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், நட்சத்திரம் வாங்கச் சந்தைக்குப் போன அவள் புருஷன் கஸ்பார் பொழுது சாயப்போகும் நேரமாகியும் வரவில்லை. "எங்கே போய்த் தொலைஞ்சாரோ இந்த மனுஷன்!" என்று திட்டிக்கொண்டே வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தாள். சுடச்சுடச் செய்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தைத் துணியில் முடிந்துகொண்டு கிளம்பினாள்.

கோயில் மைதானம் முழுக்கக் கடைகள், அப்பப்பா, என்ன கூட்டம்! கேக் கடையில் கேட்டாள், "எங்க வீட்டுக்காரரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன், போயிட்டாரு."

அச்சுமுறுக்குக் கடையில் கேட்டாள்.

"பார்த்தேன், போயிட்டாரு."

நட்சத்திரக் கடையில் கேட்டாள்.

"பார்த்தேன் தாயீ. அந்தக் கடைசிக் கடைக்குப் போனாரு. போனவரு திரும்பலை."

கடைசிக் கடையில் கொக்கிமூக்கன் என்ற மந்திரவாதி உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற மண்பொம்மைகள். அதில் ஒரு இடையன் பொம்மைக்குக் கையிலே காகித நட்சத்திரம், வாயோரத்திலே கேக் துணுக்கு! எமரன்சி குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"இது என் புருஷனாச்சே!"

கொக்கிமூக்கன் கெக்கெக்கே என்று சிரித்தான். "என் மந்திரம் அப்படி. இங்கே யாரு எதைத் தின்னாலும் பதிலுக்கு ஏதாவது கொடுக்கணும், கொடுக்கலைன்னா மண்ணு. இனாம்னு சொன்னா உங்க ஊர்க்காரனுக்குத் தட்டு வழக்கமே மறந்துபோகுது! அந்தி மணி அடிச்சுட்டா இவங்க அப்புறம் என்னைக்கும் மண்ணுதான். நீயும் ஒரு துண்டு கேக் தின்னு" என்று தட்டைக் காட்டினான்.

"தட்டோட கொடும்" என்றாள் எமரன்சி. கேக்கை முந்தானையில் கொட்டிக்கொண்டாள். தட்டில் முந்திரிக்கொத்தை அடுக்கி நீட்டினாள். "நாங்க வெறுந்தட்டு திருப்புறதில்லை."

ஏலக்காய் வாசம் ஆளைத் தூக்கியது. கொக்கிமூக்கன் ஒன்று தின்றான், இன்னொன்று தின்றான், மூன்றாவதையும் வாயில் போட்டான்.

"பதிலுக்கு என்ன கொடுக்கப்போறீர்?"

"அதான் கேக் கொடுத்தேனே!"

"நான் தின்னவேயில்லையே. இந்தாரும், உம்ம கேக் உமக்கே" என்று முந்தானையை உதறினாள்.

அவ்வளவுதான்! கொக்கிமூக்கனுக்குக் கால்விரல் மண்ணாச்சு. முழங்கால் மண்ணாச்சு. இடுப்பு மண்ணாச்சு. அங்கே கோயிலில் மணியடிக்கிறவர் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

"ஐயோ தாயே, என்ன வேணும்னாலும் கேளு!"

"எல்லாரையும் கொடும்."

"கொடுத்தேன், கொடுத்தேன், கொடுத்தேன்!"

மணி அடித்தது. பொம்மைகளெல்லாம் மனுஷர்களாக எழுந்து நின்றன. கொக்கிமூக்கனுக்கும் கால் திரும்பியது, ஆனால் அத்தனையும் கொடுத்ததில் மந்திரம் போயே போச்சு. எமரன்சி கஸ்பாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். பிறகு கேட்டாள், "இனிமே எவனாவது தட்டு நீட்டினா?"

"முதல்ல உன் முந்திரிக்கொத்து கையில இருக்கான்னு பார்ப்பேன்."

அடுத்த கிறிஸ்துமஸுக்கு எமரன்சி முதல் தட்டைக் கொக்கிமூக்கனுக்குத்தான் அனுப்பினாள். அது கேக்கோடு திரும்பி வந்தது. கஸ்பார் பயப்படாமல் தின்றான். அவர்கள் வீட்டுத் தட்டும் நிறைந்தது, கதை கேட்ட உங்கள் தட்டும் நிறையட்டும்!