ஒரே பொந்துக்கு மூன்று பெயர்

ஒரு காட்டில் ஒரு கணினி இருந்தது, பிள்ளைகளே. அது எப்படி அங்கே வந்தது என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. அதில் நிரல் எழுதத் தெரிந்தது ஓர் அணிலுக்கு மட்டும்தான்.

அணில் நல்லது, ஆனால் சரியான அவசரக்குடுக்கை. அதன் நிரலில் எத்தனை வீடு உருவாகிறதோ, அத்தனை பொந்துகளை மரங்கொத்தி மரத்தில் கொத்தித் தரும். மரங்கொத்தி சொன்னதைச் சொன்னபடி செய்யும். கூட ஒரு கொத்து கொத்தாது.

மழைக்காலம் நெருங்கியது. ஆந்தை வடக்கு வாசல் கேட்டு வந்தது. கிளி காலை வெயிலுக்காகக் கிழக்கு வாசல் கேட்டது. மைனா மேற்கு வாசல் கேட்டது.

"மழைக்குள்ள நான் முட்டை வைக்கணும், அணிலு. வாசல் கிழக்கே இருந்தா சாரல் அடிச்சு முட்டை நனைஞ்சுடும்" என்றது மைனா.

"நாளைக்கே ரெடி அக்கா" என்றது அணில்.

கணினியில் வீட்டின் வரைபடம் ஒன்று இருந்தது. அதைக் கிளாஸ் என்பார்கள். அதன்படி உருவாகும் ஒவ்வொரு வீடும் ஓர் ஆப்ஜெக்ட். அணில் 'புதிது' என்று எழுதி ஒரு வீட்டை உருவாக்கியது. உரிமையாளர் ஆந்தை, வாசல் வடக்கு என்று அதில் கையால் நிரப்பியது.

அடுத்தது மைனா. மறுபடி முதலிலிருந்து எழுத அணிலுக்குப் பொறுமை ஏது? 'மைனா வீடு = ஆந்தை வீடு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, உரிமையாளரையும் வாசலையும் மாற்றியது. கிளிக்கும் அப்படியே செய்தது.

"ஒரு தடவை படிச்சுப் பாக்கலாமேடி" என்றது அதன் சிநேகிதி நத்தை.

"நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள மழை பெஞ்சே ஓய்ஞ்சுடும்" என்று சிரித்தது அணில்.

மறுநாள் மூன்று பறவைகளும் வந்து பார்த்தால், மரத்தில் ஒரே ஒரு பொந்து. வாசல் கிழக்கே. மேலே 'கிளி' என்று எழுதியிருந்தது.

"என் வீட்டு வாசல்ல உங்களுக்கு என்ன வேலை?" என்று கிளி மிடுக்காகக் கேட்டது. ஆந்தை கண்ணை உருட்டியது. மைனா மட்டும் கிளையில் ஒடுங்கி உட்கார்ந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"கணினியில பேரு மூணு இருந்துச்சு. வீடு ஒண்ணுதானே இருந்துச்சு" என்றது மரங்கொத்தி.

மைனாவைப் பார்த்ததும் அணிலுக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய் நத்தையிடம் நின்றது. நத்தை அப்போதுதான் நிரலின் கடைசி வரிக்கு ஊர்ந்து வந்திருந்தது.

"புதிதுன்னு எத்தனை தடவை எழுதினே?"

"ஒரு தடவை."

"அப்போ வீடும் ஒண்ணுதான். மத்த ரெண்டும் அதே வீட்டுக்கு நீ வச்ச வேற பேரு. மைனாவுக்காக மாத்தினப்போ ஆந்தை வீடு போச்சு. கிளிக்காக மாத்தினப்போ மைனா வீடு போச்சு. என் ஓட்டு மேல என் தங்கச்சி பேரை எழுதிட்டா, அவளுக்கு ஓடு வந்துடுமா?"

அணில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று முறை 'புதிது' என்று எழுதியது. கையால் நிரப்பினால் அவசரத்தில் தப்பாகிவிடலாம் என்று, வீடு உருவாகும்போதே உரிமையாளர் பெயரையும் வாசலையும் கேட்கும்படி வரைபடத்தில் ஒரு பகுதியைச் சேர்த்தது. இதற்குப் பெயர் கன்ஸ்ட்ரக்டர்.

நிரலை ஓட்டிப் பார்த்தது. வீடுகள் மூன்று வந்தன. ஆனால் பெயரும் இல்லை, வாசலும் இல்லை.

"கேட்டே, சரி. கேட்டதை வீட்டுக்குள்ள எழுதி வச்சியா?" என்றது நத்தை.

அணில் நாக்கைக் கடித்துக்கொண்டது. வந்த பெயரை வீட்டின் உரிமையாளராகவும், வந்த திசையை வீட்டின் வாசலாகவும் குறித்துவைக்க இரண்டு வரி சேர்த்தது. இந்த முறை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தும் பார்த்தது.

கிளிக்குப் பொந்து ஏற்கெனவே இருந்ததால், மரங்கொத்தி மற்ற இரண்டையும் கொத்தி முடித்தது. மைனா மேற்கு வாசலில் நுழைந்தது, சடசடவென்று மழை இறங்கியது.

மழை விட்டதும் அணில் எட்டிப் பார்த்தது. பொந்துக்குள் இரண்டு நீல முட்டைகள், ஒரு துளி ஈரமில்லை. அணில் மகிழ்ச்சியில் மைனாவின் இறக்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"ஏண்டி இப்படித் தொப்பலா நனைஞ்சிருக்கே? உனக்கு வீடு?" என்றது கீழிருந்த நத்தை.

அணில் வாலைப் பிழிந்தது. அவசரத்தில் தனக்கு ஒரு வீடு எழுதவே அது மறந்திருந்தது.

"வா, எழுதலாம். நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றது நத்தை. அணில் உட்கார்ந்து, மெதுவாக, 'புதிது' என்று எழுதியது.

நீதி: ஒன்றுக்கே மூன்று பெயர் வைத்தால் அது மூன்றாகிவிடாது, ஒவ்வொன்றையும் புதிதாக உருவாக்கி, உருவாகும்போதே அதற்கு வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும்.