குட்டிச்சுவரின் கடைசிக் கத்தல்காரன்

முதல் துரோகம் தவளையுடையது. தாளம் தப்பாமல் கத்தியது. குளத்து மீன்குஞ்சுகள் வாலாட்டின.

இரண்டாம் துரோகம் ஆந்தையுடையது. ஒரு கத்தலுக்கும் அடுத்த கத்தலுக்கும் நடுவே மூச்சு விட நிறுத்தியது. அந்த இடைவெளி அழகாக இருக்கிறது என்று மான்கள் சொல்லிவிட்டன.

மூன்றாம் துரோகம் சில்வண்டுடையது. கொடுமையிலும் கொடுமை அதுதான். மயில் சபை நடத்தும் மாந்தோப்புக்கே போய்க் கத்தி, கொடுத்த மாம்பழச் சாற்றையும் குடித்து, வாயைக்கூடத் துடைக்காமல் திரும்பி வந்தது!

வெடிவாயன் என்ற கழுதைக்கு இந்த வரிசை மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் முன்பின் மாறாமல் சொல்லும்.

வெடிவாயன் ஒரு காலத்தில் ஆற்றங்கரைச் சலவைத்துறையில் பொதி சுமந்தது. ஒரு நாள் முதுகில் இரண்டு மூட்டை இருக்கும்போதே மூன்றாவதும் ஏறியது. அப்போது அது கத்திய கத்தலில் துறையே அதிர்ந்தது. மூட்டைகளை ஆற்றில் உதறிவிட்டுக் காட்டுக்கு ஓடி வந்தது. காட்டோரத்தில் ஒரு குட்டிச்சுவர் நின்றது.

"கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்றுதானே ஏசுகிறார்கள்? இதுதான் இனி நம் மேடை!" என்று முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றிக் கத்தியது.

தொண்டை சரியில்லை என்று சபைகளில் விரட்டப்பட்டவர்கள் எல்லாரும் அந்தக் கத்தலைக் கேட்டு வந்து சேர்ந்தார்கள். தாங்கள் செய்ததற்கு அவர்கள் பாட்டு என்று பேர் வைக்கவில்லை. கத்தல் என்றே வைத்தார்கள்.

வெடிவாயன் சுவரில் குளம்பால் ஒரே ஒரு விதியைக் கீறியது: "காடே முணுமுணுத்தால் அது கத்தல் அல்ல." கேட்டவர்கள் ரசித்தாலோ திருப்பிச் சொன்னாலோ கத்தியவர் துரோகி.

விதியை மீறியவரின் பேரைச் சாட்சிகள் முன்னால் உரக்க வாசிப்பது வழக்கம். பேர் வாசித்தாகிவிட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அந்தப் பக்கம் இருந்தது ஒரு பள்ளம். தவளை, ஆந்தை, சில்வண்டு மூவரும் அங்கேதான் கிடந்தார்கள். இந்தப் பக்கம் மிஞ்சியது வெடிவாயனும் சிலுப்பி என்ற ஆள்காட்டிக் குருவியும் மட்டும்.

அந்தக் கோடையில் ஒரு வேடன் வலையோடு வந்தான். சிலுப்பி கத்திய கத்தலில் முயல்கள் எல்லாம் வளைக்குள் பாய்ந்து தப்பின. மறுநாளிலிருந்து முயல்குட்டிகளின் விளையாட்டே அதுதான். "வர்றான்! வர்றான்! வலையோட வர்றான்!"

அந்தச் சத்தம் மாந்தோப்பு வரை போனது. மயிலின் ஆளான மைனா பறந்து வந்தது. அந்தத் தோப்பில் ஒவ்வொரு கிளையிலும் ஒரு பெயர்ப் பலகை தொங்கும். தாலாட்டு ஒரு கிளை, ஒப்பாரி ஒரு கிளை. பலகை இல்லாத பறவைக்கு உட்கார இடமில்லை.

"சிலுப்பியக்கா! மயிலண்ணா உங்களுக்குன்னு ஒரு கிளை ஒதுக்கியிருக்கார். பலகையில என்ன எழுதட்டும்? காப்புக் கத்தல்? மென்கத்தல்?"

"மென்கத்தலா! என் தொண்டையைக் கேட்ட பிறகுமா இந்தப் பேச்சு?"

"தோப்புக்கு வர்றவங்க பலகையைப் பார்த்துட்டுத்தான் காதையே திறப்பாங்கக்கா!"

"அப்போ மூடியே வெச்சிருக்கச் சொல்லு!"

மைனா போய்விட்டது. ஆனால் வெடிவாயனின் பிடரி மயிர் நட்டுக்கொண்டு நின்றது.

"போகப் போறியா?"

"நான் எங்கே போறேன்னேன்? வேடன் வந்தா கத்துவேன் அண்ணே. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"முயலெல்லாம் உன்னை முணுமுணுக்குதே!"

"உசிரோட இருக்கு, முணுமுணுக்குது! செத்திருந்தா வாயைத் திறந்திருக்காது. அதுதான் உங்களுக்குத் திருப்தியா?"

பதில் இல்லாதவன் விதியைக் காட்டுவான். வெடிவாயனும் சுவரைக் காட்டியது. இவளும் போனால் நாம் ஒற்றைக் கழுதை என்று நெஞ்சு ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. 'ஒற்றையாய் நின்றாலும் சுத்தமாய் நிற்போம்' என்று அதை அதட்டி அடக்கியது.

மறுநாள் சாட்சிக்குக் காடே திரண்டு வந்தது. எருமை முன்வரிசையில் படுத்தது. அணில்கள் கொறிப்பதற்குக் கொட்டையோடு வந்தன. வெடிவாயன் சுவரில் காலை ஊன்றியது. சலவைத்துறையில் கத்திய நாளுக்குப் பிறகு அப்படி ஒரு நாள் அதற்கு வாய்த்ததில்லை.

"கத்தலை விற்றவனே, வெளியே போ! கத்தலுக்குத் தலையாட்டினவனே, வெளியே போ! கத்தலைக் காட்டிக் கைதட்டு வாங்கினவனே, வெளியே போ! போ! போ! சாட்சிகளே, கேளுங்கள்! நான்காம் துரோகம்! பேர், சிலுப்பி!"

எருமை அசைபோட மறந்தது. "இன்னொரு தடவை!" என்று ஓர் அணில் வாலைத் தூக்கிக்கொண்டு குதித்தது.

சிலுப்பி சுவரைத் தாண்டும் முன் திரும்பிப் பார்த்தது. "நிஜமாச் சொல்றேன் அண்ணே, ரொம்ப நாளைக்கப்புறம் இன்னைக்குத்தான் நீங்க நல்லாக் கத்தினீங்க."

விடிந்ததும் வெடிவாயன் தண்ணீர் குடிக்கக் குளத்துக்குப் போனது. அங்கே ஓர் எருமைக் கன்று இன்னொரு கன்றை முட்டித் தள்ளியது. "வெளியே போ! போ! போ!" கொக்கு மீனைப் பார்த்து அதையே சொன்னது. மீன் வெளியே போகவில்லை என்பது வேறு விஷயம். கிளிகள் மூன்று குரலில் பிரித்துக்கொண்டு பழகின.

மைனா மூச்சு வாங்க வந்து இறங்கியது. "ஐயா! தோப்பு முழுக்க உங்க பேச்சுத்தான்! 'நீக்கல் கத்தல்'னு நடுக்கிளையில பலகையே மாட்டியாச்சு!"

"சீ! வெளியே போ!"

"அதேதான்! அதே மாதிரி வந்து சொன்னா போதும்!"

வெடிவாயனுக்கு மூக்கு விடைத்தது. கோபத்தில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. ஆனால் திரும்பி நடக்கும்போது கால்கள் கொஞ்சம் துள்ளியே நடந்தன.

மாலையில் யாரும் கூப்பிடாமலே கூட்டம் வந்து உட்கார்ந்தது.

"இன்னைக்கு யாரை அனுப்பப் போறீங்க?" என்று எருமை கேட்டது.

"யாரும் இல்லை. எல்லாரும் போயாச்சு."

"அட! அப்போ நாங்க வேலை மெனக்கெட்டு வந்தது?"

அணில் ஒன்று சுவரில் ஏறிக் கீறலை எழுத்துக் கூட்டிப் படித்தது. "காடே முணுமுணுத்தால் அது கத்தல் அல்ல... ஐயா, காடே உங்களைத்தானே முணுமுணுக்குது?"

கொறிக்கும் சத்தம் நின்றது.

அந்த அமைதியில்தான் பள்ளத்துச் சத்தம் மேலே வந்தது. தவளை இடிக்க, ஆந்தை நிறுத்த, சில்வண்டு இழுக்க, சிலுப்பி குறுக்கே வெட்டியது. காதைக் கிழிக்கும் கத்தல். அதற்கு என்ன பேர் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. வெடிவாயனிடம் அனுமதி கேட்காமலே அதன் வலது காது தாளம் போட்டது. வெடிவாயன் காதை மடக்கிக்கொண்டது.

ஒரு வழி இருந்தது. குளம்பால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் விதி அழிந்துவிடும். மேடை மிஞ்சும். நாளைக்கும் கூட்டம் வரும். வெடிவாயன் குளம்பைத் தூக்கியது. தூக்கிய குளம்பு அந்தரத்திலேயே நின்றது. தவளைக்கு அழியாத விதி, ஆந்தைக்கு அழியாத விதி, தன் பேர் வரும்போது மட்டும் அழியுமா? பொதியை உதறிய முதுகு, அந்தப் பொய்யைச் சுமக்க மறுத்தது.

குளம்பை இறக்கிச் சுவரில் ஊன்றியது.

"முதல் துரோகம் தவளையுடையது! இரண்டாம் துரோகம் ஆந்தையுடையது! மூன்றாம் துரோகம் சில்வண்டுடையது! நான்காம் துரோகம் சிலுப்பியுடையது! ஐந்தாம் துரோகம்..."

அந்தக் கடைசி இரண்டு சொல்லையும் சுவரைப் பார்த்தே சொன்னது.

"சத்தமா!" என்றது எருமை.

"அண்ணே, இங்கே இடம் இருக்கு!" என்று சிலுப்பியின் குரல் பள்ளத்திலிருந்து கேட்டது.

வெடிவாயன் கூட்டத்தை ஒரு முறை பார்த்தது. தான் கீறிய விதியை ஒரு முறை பார்த்தது. பிறகு, மூன்றாவது மூட்டை முதுகில் ஏறிய அன்று திறந்த மாதிரி வாயைத் திறந்தது.

"சாட்சிகளே, கேளுங்கள்! பேர், வெடிவாயன்!"

நீதி: ஒரு பேரின் சுத்தத்தைக் காக்க ஒவ்வொருவராய்த் துரத்துகிறவன், கடைசியில் தன்னையும் துரத்தியே தீர வேண்டும்.