நாற்பது வாக்கியங்களும் ஒரு கடைவாய்ப் பல்லும்

ஆரணியில் சீன மொழி தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் பல் வைத்தியர். பெயர் மெய்லின். அவளுடைய தாத்தா சீனாவிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து, இந்த ஊரில் பல் கட்ட ஆரம்பித்தவர். பேத்திக்கு ஆரணித் தமிழும் வாய்த்தது, தாத்தாவின் மொழியும் வாய்த்தது. ஊரார் அவளைச் சைனா டாக்டரம்மா என்பார்கள்.

அவளிடம் மாணவியாகப் போய் உட்கார்ந்தபோது பூங்காவனத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. குரு பதினாறு வயது இளையவள்.

பூங்காவனம் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அவளுடைய வாலிபால் அணி ஒரு போட்டிக்காகச் சீனாவுக்குப் போகிறது. பன்னிரண்டு பெண்கள். கூடப் போகிற பெரியவள் அவள் மட்டும்தான். "அங்கே ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யாரை, எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்று தலைமையாசிரியை கேட்டார். அந்தக் கேள்விதான் அவளை இங்கே கொண்டுவந்து விட்டது.

"ஆபத்துக்கு மட்டும் சொல்லிக்குடுங்க டாக்டரம்மா. ஊர்க்கதை பேசறதுக்கு வேணாம்."

"எத்தனை வேணும்?"

"எத்தனை இருக்கு?"

"உங்களுக்கு எத்தனை ஆபத்து வரும்னு நான் என்ன கண்டேன்? நாப்பது தர்றேன். கத்துக்குங்க."

கடைசி நோயாளி போன பிறகு பாடம். வழி தவறிவிட்டோம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எலும்பு முறிந்துவிட்டது. காய்ச்சல். ரத்தம். பூங்காவனம் அவற்றைத் தமிழெழுத்தில் எழுதிக்கொண்டு போய், மறுநாள் ஒப்பிப்பாள். சைக்கிள் மிதிக்கும்போதும் சொல்வாள், அரிசி களையும்போதும் சொல்வாள். மைதானத்தில் பழகிய குரல் அது. சின்ன அறையில் கண்ணாடிக் குடுவைகள் அதிர்ந்தன.

"மெதுவா டீச்சர். 'உதவி செய்யுங்க'ன்னு இப்படிச் சொன்னீங்கன்னா, உதவ வந்தவன் கையைத் தூக்கிட்டு நிப்பான்."

"என் தொண்டையே அப்படி. என்ன செய்யச் சொல்றீங்க?"

"கேக்கற மாதிரி சொல்லுங்க. உத்தரவு போடாதீங்க."

பூங்காவனம் முயன்றாள். அது மட்டும் வரவில்லை.

"உண்மையைச் சொன்னா, இதுக்கெல்லாம் தேவையே வராது" என்றாள் ஒருநாள். "இருபத்தாறு வருஷத்துல என் பிள்ளைங்க ஒருத்தியையும் மைதானத்துலேர்ந்து தூக்கிட்டுப் போனதில்ல. விழுந்தா எழுந்துடுவாங்க. என்னடின்னு கேட்டா 'ஒண்ணுமில்ல மிஸ்'னு சொல்லிட்டுப் பந்தைப் பாப்பாங்க. அப்படி வளத்திருக்கேன்."

மெய்லின் பூங்காவனத்தின் இடது கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள், தாளைப் பார்க்காமல் நாற்பதையும் ஒப்பித்து முடித்தாள் பூங்காவனம். ஒரு பிழை இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள்:

"இதுல எது முக்கியம் டாக்டரம்மா? எல்லாம் மறந்தாலும் எதை மறக்கக் கூடாது?"

மெய்லின் எழுந்து கை கழுவினாள்.

"இந்த நாற்காலிக்கு வாங்க."

"நான் பாடத்துக்குத்தானே வந்தேன்?"

"வாங்க."

பூங்காவனம் சாய்ந்தாள். விளக்கு முகத்தில் விழுந்தது. மெல்லிய கம்பி ஒன்று கீழ்வரிசையின் இடது கோடிக்குப் போய் நின்றது.

"தெங் மா?"

வலிக்கிறதா என்று அர்த்தம். பத்தொன்பதாவது வாக்கியம்.

"பு தெங்" என்றாள் பூங்காவனம். வலிக்கவில்லை. உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

கம்பி இன்னும் கொஞ்சம் அழுந்தியது. கண்ணோரத்தில் நீர் திரண்டு காதுக்குள் இறங்கியது.

"பு தெங்."

"தமிழ்ல கேக்கறேன். வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல."

மெய்லின் கம்பியை எடுத்துவிட்டாள்.

"இது சொத்தையாகி ஆறு மாசம் இருக்கும். எப்படிச் சாப்பிடறீங்க?"

"வலப்பக்கம்."

"தூக்கம்?"

"கிராம்பு வெச்சுக்குவேன்."

விளக்கு அணைந்தது.

"நாளைக்கு உங்க பிள்ளைங்களைக் கேளுங்க டீச்சர். அதே பத்தொன்பதாவது. தமிழ்லயே கேளுங்க."

மறுநாள் காலை, மைதானத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

"யாருக்காவது எங்கயாவது வலி இருக்கா?"

"ஒண்ணுமில்ல மிஸ்."

பன்னிரண்டு வாயும் ஒன்றாகச் சொன்னது. அதே வெடுக்கென்ற தலையாட்டல், அதே நிமிர்ந்த மோவாய். பூங்காவனம் தன் குரலைப் பன்னிரண்டு தொண்டைகளில் கேட்டாள். பழைய பூரிப்பு நெஞ்சுவரை வந்துவிட்டது. அப்போதுதான் வரிசையின் கோடியில் நின்ற கேப்டன் அஞ்சலையைக் கவனித்தாள். அஞ்சலை வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

கையை நீட்டு என்று ஒரு சொல் சொன்னால் நீட்டிவிடுவாள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. பூங்காவனம் அதை விழுங்கினாள்.

"எனக்குப் பல்வலி" என்றாள்.

இரண்டு பேர் சிரித்தார்கள். மிஸ் வேடிக்கை பேசுவதே அபூர்வம்.

"ஆறு மாசமா. விடியற வரைக்கும் சுவத்துல கன்னத்தை வெச்சுக்கிட்டு நிக்கறேன். சுவர் ஜில்லுன்னு இருக்கும். உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. கண்ணில் நீர் வந்தது. துடைக்கக் கை போகவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. வரிசையிலேயே குள்ளமான பெண் சொன்னாள்:

"எனக்கு முட்டி, மிஸ். மாடிப்படி இறங்க முடியல."

"எனக்குத் தோள்பட்டை."

அஞ்சலை கடைசியாகத்தான் கையை முன்னால் கொண்டுவந்தாள். மோதிர விரல் வீங்கி நாவற்பழ நிறத்தில் இருந்தது.

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"ஏண்டி சொல்லல?"

அஞ்சலை தரையைப் பார்த்தாள். "வலியைத் தாங்கறவளைத்தானே மிஸ் நீங்க பெருமையாப் பாப்பீங்க."

அன்று மாலை பூங்காவனம் சொல்லாமல் கொள்ளாமல் நேரே போய் நாற்காலியில் சாய்ந்தாள். காலையில் பெண்கள் முன்னால் கண் கலங்கியதையும், அஞ்சலை கையை நீட்டியதையும் சொன்னாள்.

"விரல்ல எலும்பு விரிசல்" என்றாள். "கட்டுப் போட்டிருக்கு. நாலு வாரம் பந்தைத் தொடக் கூடாது. கிளம்ப அஞ்சு வாரம் இருக்கு. இப்படியே இன்னும் பத்து நாள் ஆடியிருந்தா, அந்த விரல் ஆயுசுக்கும் நிமிர்ந்திருக்காதுன்னு சொன்னார் எலும்பு டாக்டர்."

"விளையாடுவாளா?"

"ஆறினா விளையாடுவா. இல்லன்னா எங்ககூட வந்து உக்காந்திருப்பா. அவ இல்லாம நான் விமானம் ஏறமாட்டேன்."

மெய்லின் ஊசியில் மருந்தை ஏற்றினாள். பூங்காவனம் அதைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். இனிமே விழுந்தா அழுவாங்க. வேத்து நாட்டுல, எதிரணி முன்னால, என் பிள்ளைங்க அழுவாங்க. அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு."

"காலையில அவங்க முன்னால உங்க கண்ணுல தண்ணி வந்துச்சே, அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யறது? முட்டிக்காரியையும் தோள்பட்டைக்காரியையும் அஞ்சலையோட ஓரமா உக்கார வெச்சேன். விசில் ஊதினேன். மத்தவங்களை ஓடச் சொன்னேன்."

"ஓடினாங்களா?"

"என்னிக்கும் இல்லாத வேகத்துல ஓடினாங்க."

"அஞ்சலை?"

"சுத்து எண்ணிச் சொன்னா. என்னைவிடச் சத்தமா."

மெய்லின் முகமூடியை மேலே ஏற்றிக்கொண்டாள். கண்கள் மட்டும் தெரிந்தன.

"அப்ப அழட்டும் டீச்சர். அழுதுட்டு எழுந்து ஓடறவங்க எப்படி இருப்பாங்கன்னு சீனாக்காரங்களும் பாக்கட்டும்."