மறிச்சான் கல்

"பதினேழு ஆட்டையும் இன்னைக்கே கொன்னு புதைச்சிடணும், அம்மா."

டாக்டர் தாணுமூர்த்தி இதைச் சொன்னபோது பேச்சியம்மை ஆடுகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

பேர்தான் பேச்சி. பேச்சு என்னவோ அளந்துதான் வரும்.

கரிசல் காட்டின் ஓரத்தில் நாலு கூரைக் குடிசையும் ஒரு முள்வேலிப் பட்டியும்தான் அவளுடைய மடம். ஆடு மேய்ப்பாள். யாராவது வந்து கேட்டால் பதில் சொல்வாள். சில பேருக்குச் சொல்லவும் மாட்டாள்.

தாணுமூர்த்திக்கு அவள் மகள் வயது. கால்நடை ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், மூன்று வருடங்களுக்கு முன் வந்து அவள் காலில் விழுந்தார். அன்றிலிருந்து அம்மா என்றுதான் கூப்பிடுகிறார். அவள் இன்னும் டாக்டரய்யா என்பதை விடவில்லை.

"எதுக்குக் கொல்லணும் டாக்டரய்யா?"

"ரத்தச் சோதனை வந்திருச்சு. பதினேழு உடம்புல கிருமி இருக்கு."

அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. தபால்காரர் கொடுத்துவிட்டுப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"எப்ப வந்தது?"

"இப்பத்தாம்மா. தபால்ல."

"தாளைக் கேக்கலை. கிருமி எப்ப வந்தது?"

தாணுமூர்த்தி இரண்டாவது தாளைப் புரட்டினார்.

"அதுதாம்மா பயமா இருக்கு. இப்ப வந்தது இல்ல. பல ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி ஏதோ ஒரு ஆட்டைப் பிடிச்சிருக்கு. ஆடு பிழைச்சுக்கிட்டது. ஆனா அந்தக் கிருமியோட மரபணு ஆட்டோட மரபணுவுக்குள்ள ஏறி உக்காந்துட்டது. அது குட்டிக்குப் போய், குட்டியோட குட்டிக்குப் போய், வம்சத்தோட இறங்கி வந்திருக்கு. எந்த மருந்து போட்டும் எடுக்க முடியாது."

"இப்ப நம்ம பட்டியில ஆட்டை இருமவச்சுக் கொல்லுதே, அதுவா?"

"அதோட பங்காளி. ஒரே வகையறா."

அவள் தவிட்டில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள்.

இருமல் நோய் பட்டிக்குள் வந்து ஒரு மாதம் ஆகிறது. முதல் வாரமே நாற்பத்தாறு ஆட்டுக்கும் ரத்தம் எடுத்து அனுப்பினார் தாணுமூர்த்தி. முடிவு வருவதற்குள் பதினொன்று போய்விட்டன. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும். அதற்குப் பதினேழைக் கொல்ல வேண்டும். கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது. மனசுதான் கேட்கவில்லை.

"நான் ஒருதரம் தப்புப் பண்ணிட்டேம்மா" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருடத்தில் அவர் இதைச் சொன்னதில்லை.

"இருபது வருசம் இருக்கும். ஒரு பட்டியில நோய் இருக்குன்னு தெரியும். ஆட்டுக்காரி காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. கொல்லச் சொல்ல வேண்டியவன், ஆடு எல்லாம் சுகம்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன். நாப்பது நாள்ல ஏழு ஊர்ப் பட்டி காலி. ஒரு பட்டிக்காரர் வெறும் பட்டியைப் பார்த்துக்கிட்டே படுத்தவர் எழுந்திருக்கவே இல்ல. நான் போய் மாலை போட்டேன். நான்தான் காரணம்னு அங்க யாருக்கும் தெரியாது."

பேச்சியம்மை தவிட்டில் கிடந்த கட்டிகளை உடைத்தாள்.

"இந்தத் தடவை இரக்கப்பட மாட்டேன். நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க."

"புதுக் கிருமி உடம்புக்குள்ள எப்படிப் போகுது?"

"உடம்புல கண்ணுக்குத் தெரியாத வாசல் இருக்கும்மா. அதுவழியாத்தான்."

"பழசு போனது?"

"அதுவும் அதே வாசல்தான்."

அவள் கையைக் கழுவினாள். குடிசைக்குள் போய்க் கடப்பாரையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"சரி. கொன்னுருவோம். முதல்ல பட்டி வாசல் கல்லைப் பிடுங்கிப் போட்டுட்டு வாங்க."

அவர் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தார்.

"மறிச்சான் சாமியையா?"

"அதைத்தான்."

"காவல் சாமிம்மா அது. தினம் கும்பிடுறோம்."

"மறிச்சான்னா என்ன?"

"வழிமறிச்சவன். பட்டியைக் களவாட வந்தவங்களை மறிச்சு நின்ன காவக்காரன்."

"யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. பெயரை வைத்து அவராகவே முடிவு செய்துகொண்டதுதான்.

"களவாட வந்ததே அவன்தான்" என்றாள் பேச்சியம்மை. "எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலம். கூட வந்தவன் பின்னால வேலியைப் பிரிச்சு ஆட்டை ஓட்ட, இவன் வாசல்ல குறுக்க நின்னுக்கிட்டு ஒரு ஆளை உள்ள விடலை. அங்கயே அடிச்சுக் கொன்னாங்க. அங்கயே புதைச்சாங்க. அப்புறம் பயந்துபோய்க் கல்லு நட்டாங்க. மறிச்சான்னா எங்களை மறிச்சவன்."

தாணுமூர்த்தி பட்டி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். மூன்று வருடமாக ஒரு திருடனுக்கு எண்ணெய் ஊற்றியிருக்கிறார்.

"கள்ளன் வகையறா எதுவும் பட்டியில இருக்கக் கூடாதுன்னா, மூத்தவன்லேருந்து ஆரம்பிக்கணும்லா?" என்றாள் அவள். "போய்ட்டு வாங்க."

வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

கல் முழங்கால் உயரம். எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போயிருந்தது. அதன் கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் மஞ்சள் காது வில்லைகள். ஆடு செத்தால் அதன் காதில் இருக்கும் எண் போட்ட வில்லையைக் கழற்றி மறிச்சான் கழுத்தில் கட்டுவது இந்த மடத்து வழக்கம். இன்ன ஆடு போய்விட்டது, இனிமேல் தேடாதே என்று காவலுக்குச் சொல்வது. தாணுமூர்த்தி தினமும் இந்த இடத்தில் கண்ணை மூடித்தான் கும்பிடுவார். கண்ணை மூடிக்கொண்டவருக்குக் கழுத்தில் என்ன தொங்கினால் என்ன?

கடப்பாரையை ஓங்கினார். பிறகு இறக்கினார். வில்லைகள் உடைந்துபோகும்.

உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார். செத்த ஆடுகளைப் பட்டியலில் அடித்துவிடலாம், கொல்ல வேண்டியதில் நாலோ ஐந்தோ குறையும் என்று தோன்றியது. முப்பது வருட ஆஸ்பத்திரிப் புத்தி. சட்டைப் பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தார்.

முதல் வில்லை, மூன்று. பதினேழு எண்களில் மூன்று இல்லை.

பத்தொன்பது. இல்லை.

முப்பத்திரண்டு. அதுவும் இல்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். பதினொரு வில்லைகள். அடிப்பதற்கு ஓர் எண்கூடக் கிடைக்கவில்லை. பேனாவின் மூடியைக்கூட அவர் திறக்கவில்லை.

எழுந்து பட்டிக்குள் போனார். இருமுகிற ஆடுகள் ஐந்து இருந்தன. மூக்கு ஒழுக, தலை தொங்க நின்றன. ஒவ்வொன்றின் காதையும் பிடித்துப் பார்த்தார். ஐந்தும் தாளில் இல்லாதவை.

தாளில் முதலில் இருந்தது ஏழாம் எண், கிழட்டுச் செம்மறி. இருமுகிற ஆடு ஒன்றின்மேல் சாய்ந்து படுத்திருந்தது. ஒரு மாதமாக ஒரே தொட்டியில் தின்று, ஒரே நிழலில் படுத்து, அது இறைத்த மூச்சையே இதுவும் இழுத்திருக்கிறது. இருந்தும் இதற்கு ஒரு இருமல்கூட இல்லை. அவரை ஒருமுறை பார்த்துவிட்டு அசைபோடுவதைத் தொடர்ந்தது.

இதைக் கொல்லத்தான் அவர் ஊசி மருந்து எடுக்கவிருந்தார். அந்த ஆட்டுக்குத்தான் முதல் ஊசி.

அதே வாசல்தான் என்று தான் சொன்னது தாணுமூர்த்திக்கு நினைவு வந்தது. தரையில் உட்கார்ந்து ஏழாம் எண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அன்றைக்குக் கொல்லாமல் விட்டுவிட்டு வந்த பாவத்தை, இன்றைக்குக் கொன்று கழுவப் பார்த்திருக்கிறார். அழுகை வந்தது. ஆடு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டது.

பிறகு எழுந்தார். இருமுகிற ஐந்தையும் பிடித்துத் தனியே கட்டினார். பதினொரு வில்லைகளையும் மறுபடி கயிற்றில் கோத்து, இருந்த இடத்திலேயே கட்டினார். இந்த முறை கண்ணை மூடவில்லை.

திரும்பி வந்தபோது பேச்சியம்மை தவிட்டுச் சட்டியோடு நின்றிருந்தாள். கடப்பாரையின் முனையைப் பார்த்தாள். அதில் மண் ஒட்டியிருக்கவில்லை.

"பிடுங்கலையா?"

"இல்லம்மா."

அவள் சட்டியை அவர் கையில் கொடுத்தாள். பட்டியில் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறாள். அவர் போகவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"களவாட வந்தவன்தானே? அவன் எப்பம்மா காவக்காரனா மாறினான்?"

பேச்சியம்மை பட்டிப் பக்கம் பார்த்தாள். வாசலில் கல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"எங்க மாறினான்? அன்னைக்கு எப்படி மறிச்சானோ, அப்படியே நிக்கான்."