கடைக்காரர் மேசைக்கு அடியில்

ஆலங்குளம் பக்கம் சித்திரைவேல் லைட் விழாத மணவறை குறைவு. கல்யாண வீடியோ எடுக்கிறவர். ஐம்பது தாண்டிய மனுஷன். கேமரா அவர் கையோடு பிறந்தது மாதிரி. கம்ப்யூட்டர் மட்டும் பிற்பாடு வந்து சேர்ந்த வித்தை. அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஜெசிந்தா. இவரைவிட இருபது வயசு இளையவர். ஆனாலும் இவர் வாய் நிறைய ‘டீச்சர்’ என்பார். அவர் இவரை ‘அண்ணாச்சி’ என்பார்.

ஒரு நாள் சித்திரைவேல் தன் கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்து, டீச்சர் மேசையில் இறக்கினார்.

“புதுசா கிராபிக்ஸ் கார்டு போட்டேன் டீச்சர். சும்மா இருக்கிற வரைக்கும் நல்லா இருக்கு. வெட்டி ஒட்டின வீடியோவை முழுசாக்க ரெண்டர் போட்டா பொட்டுன்னு அணைஞ்சிருது. கார்டு போலியா இருக்குமோ?”

டீச்சர் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

“கார்டு வாங்கையில என்னெல்லாம் கேட்டீங்க?”

“எல்லாம் கேட்டேன். மெமரி எவ்வளவு, ஃபேன் எத்தனை, எந்த வருஷத்து மாடல், எல்லாம். கடை கடையா ஏறி இறங்கினேன்.”

“அதுக்குக் கரெண்டு குடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்.?”

“அது கேபினட் பெட்டியோட வந்தது.”

“யாரு பார்த்து எடுத்தது?”

“அதைப் போய் யாரு பார்ப்பா? கேபினட் வாங்கினா உள்ளேயே இருக்கும்லா.”

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார்.

“இதுக்குள்ள இப்ப யாரு கல்யாணம் இருக்கு?”

“பாத்திரக்கடை ஐயாக்கண்ணு மக கல்யாணம். அந்த மனுஷன் தினம் ஸ்டுடியோவுக்கு வந்து உக்காந்துக்கிடுதாரு. மகளுக்கு வளைகாப்பே வரப்போகுது, கல்யாண வீடியோ இன்னும் வரலையேன்னு கேக்காரு.”

“கேமராவுல அது இருக்கா?”

“மறுநாளே அடுத்த முகூர்த்தம் டீச்சர். பழசை அழிச்சாத்தானே இடம் கிடைக்கும்.”

“அப்ப வேற எங்க இருக்கு?”

“இதுல மட்டும்தான்.”

டீச்சர் திருப்புளியை எடுத்து ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினார். கைக்குட்டையில் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

“இன்னும் நாலு தரம் இப்படி அணைஞ்சா இது செத்துப்போகும். அந்தப் பிள்ளைக்குத் தாலி கட்டுனதைப் பார்க்க ஒண்ணும் மிஞ்சாது. இது எங்கிட்ட இருக்கட்டும். நீங்க போய் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

“எத்தனை வாட்டு?”

“பார்த்து வாங்குங்க.”

சித்திரைவேலுக்குச் சுர்ரென்று ஏறியது. டாக்டர் சீட்டில் மருந்துப் பேரை எழுதாமல், நல்ல மாத்திரையாகப் பார்த்து வாங்கிச் சாப்பிடும் என்று எழுதினால் நோயாளி என்ன செய்வான்? ஆனாலும் டிஸ்க் டீச்சர் பைக்குள் இருந்தது. போனார்.

பஜாரில் இருந்ததிலேயே பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கி வந்தார். எண்ணூறு என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது.

டீச்சர் அதை அவருடைய ஒரு கையில் வைத்தார். அலமாரியில் கிடந்த பழையது ஒன்றை எடுத்து மறு கையில் வைத்தார். அதில் ஐநூறு என்று போட்டிருந்தது.

“எது கனம்?”

“உங்க பழசு.”

“எண்ணூறு ஏன் அண்ணாச்சி பொரி மூட்டை மாதிரி இருக்கு? நல்ல சாமான் உள்ள இருந்தா எடை இருக்காதா?”

சித்திரைவேல் அதைத் தூக்கிக்கொண்டு திரும்ப பஜாருக்கு நடந்தார். இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று ஒரு காரியம் செய்தார். கடையில் இருந்த எஸ்.எம்.பி.எஸ். எல்லாவற்றையும் கூடையில் போட்டு, எதிர்த்தாற்போல் வெங்காயக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். வெங்காயம் வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதில் எது அதிகம் தாழ்ந்ததோ அதை எடுத்துக்கொண்டு வந்தார்.

டீச்சர் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். மேல் தகட்டின் திருகாணிகளைக் கழற்றித் திறந்தார். உள்ளே ஒரு மூலையில், பசை போட்டு ஒட்டிய இரும்புத் துண்டு ஒன்று இருந்தது. ஒரு ஒயர்கூட அதைத் தொடவில்லை.

“இது எதுக்கு அண்ணாச்சி?”

சித்திரைவேல் அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

“கனத்துக்கு.”

“இது கார்டுக்குக் கரெண்டு குடுக்குமா?”

“குடுக்காது.”

அதற்குமேல் அவருக்குத் தாங்கவில்லை.

“நம்பரைப் பார்த்து வாங்கினேன், கனமில்லைங்கீங்க. கனத்தைப் பார்த்து வாங்கினேன், இரும்பைக் காட்டுதீங்க. அங்க ஐயாக்கண்ணு என் ஸ்டூலைத் தேய்ச்சுக்கிட்டு இருக்காரு. நீங்க அந்த டிஸ்க்கைப் பைக்குள்ள வெச்சுக்கிட்டு எனக்கு வேடிக்கை காட்டுதீங்க. எதைப் பார்க்கணும்னு ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா போயிருவீங்க?”

“நான் ஒண்ணைச் சொன்னா நீங்க அதை மட்டும் பார்த்து வாங்குவீங்க. விக்கிறவங்களும் அதை மட்டும் வெச்சு விப்பாங்க.”

“அப்ப நான் என்னதான் செய்ய?”

டீச்சர் இரும்புத் துண்டைப் பெயர்த்து அவர் கையில் கொடுத்தார்.

சித்திரைவேல் அதை வாங்கிக்கொண்டு நேரே அந்தக் கடைக்குச் சண்டைக்குப் போனார். அவர் போன நேரம் கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியில் பெரிய கேபினட். கண்ணாடிப் பக்கம் வழியாக உள்ளே இவர் வாங்கிய அதே கிராபிக்ஸ் கார்டு தெரிந்தது. வைய வந்த வாய் அப்படியே நின்றுபோயிற்று. சித்திரைவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

“உம்ம பெட்டியில என்ன எஸ்.எம்.பி.எஸ். போட்டிருக்கீரு?”

கடைக்காரர் தட்டுவதை நிறுத்தினார்.

“அதே மாதிரி ஒண்ணு குடும்.”

கடைக்காரர் எழுந்து உள்ளே போனார். வெளியே அடுக்கிலேயே இல்லாத ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

அதைக் கொண்டுவந்து டீச்சர் முன்னால் வைக்கும்போது சித்திரைவேலுக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை.

“படுபாவி. அவன் பெட்டிக்குள்ள இருக்கிறது வேற, அடுத்தவன் தலையில கட்டுறது வேற. தன் மேசைக்குக் கீழ மட்டும் அம்புட்டுக் கவனம். ஊரான் சாமான் எரிஞ்சா எரியட்டும்னு இருக்கான். இவனெல்லாம் ஒரு மனுஷனா டீச்சர்?”

டீச்சர் அட்டையைப் பிரித்தார். பக்கத்தில் ஒட்டியிருந்த பொடி எழுத்துகளைப் படித்தார். கார்டுக்கென்றே தனியாக வந்திருந்த ஒயரை இழுத்துப் பார்த்தார். முதல் தடவையாக ஒரு குற்றமும் சொல்லாமல் மாட்டத் தொடங்கினார். சித்திரைவேலும் குனிந்து ஒயர்களை ஒதுக்கிக் கொடுத்தார். அலமாரியில் இருந்த வேறொரு டிஸ்க்கைப் பொருத்தியதும் கம்ப்யூட்டர் கண் விழித்தது.

சித்திரைவேல் கையை நீட்டினார்.

“ஐயாக்கண்ணு டிஸ்க்கைக் குடுங்க டீச்சர்.”

“இது ரெண்டர் பாரத்துல நிக்குதான்னு இன்னும் தெரியாதே. முதல்ல வேற ஒரு வீடியோவை ஓட்டிப் பார்ப்போம். உங்க கல்யாண வீடியோ இருக்கா?”

“இருக்கே. பழைய கேசட்டுல இருந்து பென்டிரைவுக்கு மாத்தினது. சாவிக்கொத்துலதான் தொங்குது. கேசட்டு பூஞ்சை பிடிச்சுப் போச்சு.”

“அதைப் போடுங்க.”

சித்திரைவேல் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். பென்டிரைவைக் கம்ப்யூட்டர் பக்கம் கொண்டுபோனார். கை பாதியில் நின்றது.

“டீச்சர், ஒருவேளை இதுவும் பொட்டுன்னு அணைஞ்சிட்டா?”

“அதைத் தெரிஞ்சிக்கத்தானே ஓட்டுறோம்.”

“எங்கம்மா நடந்து வாறது இதுல மட்டும்தான் இருக்கு.” பென்டிரைவை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். “முதல்ல இதை ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கிடட்டுமா?”

டீச்சர் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய ஐயாக்கண்ணு டிஸ்க்கை எடுத்து, அவர் முன்னால் வைத்தார்.

“அந்தக் கடைக்காரர் மேல ரொம்பக் கோவப்பட்டீங்களே அண்ணாச்சி” என்றார்.