ஒன்பதாவது தூண்

கணினிக்குள் இருக்கும் தீவு ஒன்றில் இருபத்துநான்கு தூண் மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. கட்டுபவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே திரை வழியாக உள்ளே வந்து போவார்கள். அவர்களுக்குக் குரு பூரணி, வயது இருபத்தொன்பது. சீடர்களில் மூத்தவர் தணிகாசலம், பொதுப்பணித்துறையில் முப்பத்தைந்து வருடம் கட்டடம் கட்டி ஓய்வு பெற்றவர். மகள் வயதுப் பெண்ணைக் குரு என்று சொல்ல அவருக்குக் கூச்சமில்லை. தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாய் வராது.

இருபத்துமூன்று தூண்கள் அவர் நட்டவை. ஒன்பதாவது மட்டும் புதிதாகச் சேர்ந்த ரெஜினா நட்டது. அவள் அங்கே நட்ட ஒரே தூண் அதுதான்.

அந்தத் தூண் வரிசையை விட்டு ஒரு சாண் விலகி நின்றது. தணிகாசலம் தள்ளி நேராக வைத்தார். மறுநாள் பழையபடி விலகி நின்றது. நான்கு நாள் இதே கதை. ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, குருவிடம் போனார். ஞாயிறன்று மண்டபத் திறப்பு.

"அம்மா, அந்த ரெஜினா பேரைப் பட்டியல்லேருந்து எடுத்துடுங்க. இனிமே அவங்க இங்க கட்டக் கூடாது."

"என்ன பண்ணினாங்க?"

"நான் நேரா வெச்சுட்டுப் போறேன். பின்னாலேயே வந்து இழுத்துடறாங்க. வேணும்னே."

"பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா என்ன? தூண் தானா நடக்குமா?"

பூரணி வாதாடவில்லை. பட்டியலைத் திறந்து ரெஜினாவின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாள். அதை அழித்துவிட்டால் அந்தப் பெண் மறுபடி உள்ளே வர முடியாது. தணிகாசலத்துக்கு மனசு குளிர்ந்தது.

"தூண் விலகியிருக்குன்னு எதை வெச்சு சொல்றீங்க, ஐயா?"

"எட்டாவது தூணை வெச்சு."

"எட்டாவதை?"

"ஏழாவதை வெச்சு. வரிசைதான் கண்ணுக்கே தெரியுதேம்மா."

அந்த உலகில் ஒவ்வொரு பொருளுக்கும் அது நிற்கும் இடத்தைச் சொல்லும் எண் உண்டு. வரைபடத்தில் ஒன்பதாவது தூணுக்கு எழுதியிருந்த எண்ணைப் படிக்கச் சொன்னாள். படித்தார். தூணின் எண்ணைப் படிக்கச் சொன்னாள். புள்ளி பிசகாமல் அதே எண்.

"இப்ப எட்டாவது."

ஒரு சாண் தள்ளியிருந்தது. ஏழாவதும் அப்படியே. வரிசையாகப் படித்துக்கொண்டே போனார். போகப் போகக் குரல் இறங்கியது.

போன வாரம் மண்டபத்தின் படிகள் பக்கத்துக் குளத்துக்குள் இறங்கியிருந்தன. அதைச் சரிசெய்ய மண்டபத்தை மொத்தமாகப் பிடித்து ஒரு சாண் இழுத்தவர் அவர்தான். எல்லாம் நகர்ந்தன, இடம் மாறாதபடி ரெஜினா பூட்டு போட்டிருந்த ஒன்பதாவது தூணைத் தவிர. பூட்டிய பொருளை யார் தள்ளினாலும், இரவில் நின்றுபோகும் அந்த உலகம் விடிந்து மறுபடி ஓடத் தொடங்கும்போது தன் இடத்துக்கே போய்விடும். ரெஜினா நான்கு நாளாக இந்தப் பக்கமே வரவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் திறப்பு விழா கண் முன்னால் நின்றது.

"இருபத்துமூணையும் பழைய இடத்துல வெச்சா படி தண்ணியில போயிடும்மா. படியை இடிச்சுக் கட்டணும், ஞாயிறுக்குள்ள ஆகாது. இந்த ஒண்ணைத் தள்ளிட்டா வரிசை நேராயிடும். யாருக்குத் தெரியப்போகுது?"

"செய்ங்க" என்றாள் பூரணி. "ஆனா பூட்டை ரெஜினாதான் திறக்கணும். கூப்பிடறேன், நீங்களே கேளுங்க. எதுக்குன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"